ஐபிஎம் ஐ லைசென்ஸ்: ஒதுக்கியது அரை கோர், கணக்கில் நான்கு கோர்

ஐபிஎம்மின் பவர் சர்வரில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமான ஐபிஎம் ஐக்கு, கூடுதலாக இரண்டு கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனி பகுதி) லைசென்ஸ் வாங்கச் சொல்லி கொட்டேஷன் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம். முதலில் எச்எம்சியை, அதாவது சர்வரை நிர்வகிக்கும் கன்சோலைத் திறந்து, ஒவ்வொரு எல்பாருக்கும் (ஒரே சர்வரைப் பிரித்து உருவாக்கிய தனித்தனி சிஸ்டம்) எத்தனை வர்ச்சுவல் பிராசஸர் (அந்த எல்பாரின் கண்ணுக்குத் தெரியும் பிராசஸர்) கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பவர் சர்வரை நான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்கிறேன். ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், டேட்டாபேஸ் உள்ளேயே இருக்கிறது, ராத்திரி மொத்தமாக ஓடும் பேட்ச் வேலைகள் தன் பாட்டுக்கு முடிந்துவிடும். எரிச்சலெல்லாம் லைசென்ஸ் கணக்கில்தான்.

எங்கள் டெஸ்ட் எல்பாருக்கு ஒதுக்கியது 0.5 யூனிட், அதாவது அரை கோர். ஆனால் நிறுவ வந்தவர்கள் அதை அன்கேப்டு ஆக்கி, வர்ச்சுவல் பிராசஸர் 4 என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்கேப்டு என்றால் எல்பார்கள் பகிர்ந்துகொள்ளும் பிராசஸர் பூலில் சும்மா கிடக்கும் திறனை அந்த எல்பார் 4 கோர் வரை இழுத்துக்கொள்ளலாம், அதனால் லைசென்ஸ் கணக்கிலும் 4. நிஜமாகவே இழுத்ததா என்பது கணக்கிலேயே வராது! அதே எல்பார் கேப்டாக, அதாவது ஒதுக்கியதற்கு மேல் இழுக்க முடியாதபடி இருந்தால் 0.5 மட்டும்தான், அதுவும் மற்ற கேப்டு எல்பார்களின் பின்னங்களோடு கூட்டிய பிறகுதான் முழு எண்ணாக ஏறும். இதை விற்க வந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி இருக்கிறது. பவர்6 தலைமுறை சர்வர் முதல் ஒன்றுக்கு மேற்பட்ட ஷேர்டு பிராசஸர் பூல் வைத்துக்கொள்ளலாம். ஐபிஎம் ஐ எல்பார்களை ஒரே பூலில் போட்டு அதிகபட்சம் 2 கோர் என்று கட்டிவிட்டால், உள்ளே எத்தனை வர்ச்சுவல் பிராசஸர் இருந்தாலும் அந்தப் பூலுக்கு 2 கோர் லைசென்ஸ் போதும். அந்தப் பூலுக்கு வெளியே, வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்களான ஏஐஎக்ஸ், லினக்ஸ் ஓடும் எல்பார்கள் இந்தக் கணக்கில் சேரவே சேராது. ஆனால் மாதக் கடைசியில் பேட்ச் முட்டும்போது 2-க்கு மேல் துளிகூடக் கிடைக்காது, அதையும் யோசித்துத்தான் கட்ட வேண்டும்.

அப்புறம், லைசென்ஸ் கீ சர்வரின் சீரியல் எண்ணோடு ஒட்டியது. மாற்று சர்வரில் ரீஸ்டோர் செய்து சோதிக்கும்போது பழைய கீ எடுபடாது, 70 நாள் சலுகைக் காலம்தான் கைகொடுக்கும். டபிள்யூஆர்கே-லிக்இன்ஃப் (WRKLICINF) கட்டளையில் பார்த்துக்கொள்ளலாம்.

சிஸ்டம் தங்கம்தான். ஆனாலும் எச்எம்சியைத் திறந்து பார்க்க ஆள் இல்லாத அலுவலகத்துக்கு இதை வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நண்பருக்கு ஒன்றே ஒன்று: கொட்டேஷன் கொடுத்தவரிடம், இந்த இரண்டு கோர் எந்த எல்பாரின் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.