ஆர்எக்ஸ் 100: சிலிண்டர் போரைப் பற்றி அப்புறம் பேசலாம், சைலன்சரை முதலில் பாருங்கள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை எடுத்துத் தயார் செய்யப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "போர் எத்தனாவது சைஸ்ல நிக்குது?" என்பதுதான். போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் ஓட்டை; தேய்ந்தால் அதைக் கடைந்து ஒரு சைஸ் (ஓவர்சைஸ்) பெரிதாக்குவார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: சைலன்சர் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறதா, இல்லை யாராவது அறுத்து விட்டார்களா? மூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டிய பிறகுதான் இதை எழுதுகிறேன். வேலை முடிந்த முதல் வாரத்தில் எழுதினால் எந்த வண்டியும் பறக்கத்தான் செய்யும்.

என்னுடையது 1993 மாடல், ராசிபுரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையோரம் கிடந்தது. 1985 கடைசியில் வந்து 1996 வரை தயாரான வண்டி இது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், போரும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) தலா 50 மில்லிமீட்டர், 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். இந்த எடைக்கு அந்த சக்தி என்பதுதான் அதன் பேரும் புகழும். மற்றபடி நான்கு கியரும் இரண்டு பக்கமும் டிரம் பிரேக்கும் கொண்ட சாதாரண வண்டிதான்.

எனக்கு வந்தபோது சைலன்சர் வாலை அறுத்து உள்குழலை எடுத்திருந்தார்கள். பெட்ரோலோடு சேர்ந்து எரிய ஆயிலைத் தானாக அனுப்பும் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே டூ-டி ஆயிலைக் கலந்து ஓட்டியிருந்தார்கள். போர் இரண்டாவது ஓவர்சைஸில் இருந்தது. கிக்கர் அடித்தால் தெரு முழுக்கப் புகை. சத்தம் மட்டும் இரண்டு தெரு தள்ளிக் கேட்டது, இழுவை அதில் பாதிகூட இல்லை.

புகைக்குக் காரணம் போர்தான் என்று நாலு பேர் சொன்னார்கள். ஆனால் கியர் பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே வந்தது, தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. டூ-ஸ்ட்ரோக் தெரிந்தவர்களுக்கு அங்கேயே விஷயம் புரிந்துவிடும். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் கிளட்ச் பக்க ஆயில் சீல் (ரப்பர் அடைப்பு) தேய்ந்தால், இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும். அது புகையாகவாவது தெரிகிறது. தண்டின் மறுமுனையில் மேக்னெட் பக்க சீல் போனால் புகையே வராது, உள்ளே வெறும் காற்றுதான் போகும். பெட்ரோல் கலவை வறண்டு (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து), இன்ஜின் சூடேறி, ஒருநாள் நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போது ஆர்பிஎம் தானாக ஏறுகிறது, ஸ்குரூவைத் திருகியும் அடங்கவில்லை என்றால் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டாமல் இந்த சீலைச் சந்தேகப்படுங்கள்.

சேலத்தில் எனக்கு வேலை செய்துகொடுத்த மெக்கானிக் ஒரு எளிய சோதனை செய்தார். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, 5, 6 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்றடித்து, சோப்பு நுரையைத் தடவினார். இரண்டு சீலிலும் குமிழ் வந்தது. போதாததற்கு சிலிண்டர் அடிப் பேக்கிங்கிலும் வந்தது. போருக்குக் கைவைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யாத பட்டறையில் இன்ஜினைக் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். சீல் ஒழுகிக்கொண்டிருக்கும்போது புது பிஸ்டன் கிட் போடுவது வீண் செலவு.

சீல் மாற்ற இன்ஜினின் அடிக்கூடான கிரேங்க் கேஸைப் பிரித்தோம். பிரித்தபின் கனெக்டிங் ராடு ஆட்டம் காட்டியது, அதையும் மாற்றினோம். இந்தக் கிராங்க் அழுத்திப் பொருத்தும் வகை. பிரஸ்ஸில் பின்னைத் தள்ளி, புது ராடு போட்டு, திரும்ப அழுத்தி, பிறகு டயல் கேஜ் வைத்து நேர் பார்க்க வேண்டும். நூறில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கோணல் இருந்தால் கைப்பிடியில் அதிர்வு தெரியும், புது பேரிங்கும் சீலும் சீக்கிரம் போய்விடும். சுத்தியலால் தட்டிவிட்டு "கண்ணுக்கு நேராத்தான் இருக்கு" என்று சொல்லும் இடங்களும் உண்டு. டயல் கேஜ் இருக்கும் லேத் பட்டறையாகத் தேடிப் போங்கள்.

போரை மூன்றாவது ஓவர்சைஸுக்கு, அதாவது 0.75 மில்லிமீட்டருக்கு அடித்தோம். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதன் அளவுக்குத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். போர் அடித்தபின் போர்ட் (கலவையும் புகையும் போய்வரும் சிலிண்டர் துளை) விளிம்புகளை லேசாக மழுக்க வேண்டும். கத்தி மாதிரி கூராக விட்டால் ரிங் அதில் சிக்கி உடையும். இந்த ஒரு சின்ன வேலையை விட்டுவிட்டு, "கிட் டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் நிறைய. டூப்ளிகேட்டும் நிறைய உண்டு என்பது வேறு விஷயம். நான் வாங்கிய முதல் கிட்டில் ரிங்கின் முனை, பிஸ்டனில் இருக்கும் பின்னோடு சரியாக உட்காரவில்லை. பெட்டி அசலைப் போலவே இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன்.

சரி, சைலன்சருக்கு வருவோம். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் என்பது பெரும்பாலும் சத்தத்தை அடக்கும் பொருள். டூ-ஸ்ட்ரோக்கில் அது இன்ஜினின் ஒரு பாகம். வால்வு கிடையாது, பிஸ்டன்தான் போர்ட்டைத் திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் அகலும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்த புகையை இழுத்து, புதுக் கலவை உள்ளே வர வழி விடுகிறது. கடைசியில் குழாய் குறுகும் இடத்தில் மறுபடி அழுத்த அலையாகத் திரும்பி, வெளியே கசிந்த புதுக் கலவையை போர்ட் மூடும் முன் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. எல்லாம் ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு நேரத்தில்.

இந்தக் கணக்கைக் கரைத்துக் குடித்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்ஸட் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். அவரிடம் பந்தயம் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி மேற்கே போய், அந்த வித்தையை ஜப்பானின் சுஸுகியிடம் சேர்த்தார். அடுத்த வருஷமே சுஸுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டத்தையும் வென்றார். நாடு விட்டு நாடு கடத்திப் போன அந்தக் கணக்கைத்தான் நம் ஊரில் வெல்டிங் கடையில் அறுத்துப் போடுகிறோம்.

வாலை அறுத்து உள்குழலை எடுத்தால் சத்தம் ஏறும், அந்தச் சத்தத்தில் வேகம் ஏறியதாகக் காதுக்குத் தோன்றும். உண்மையில் நடு ஆர்பிஎம் இழுவைதான் முதலில் போகிறது. மெக்கானிக் அண்ணன் சுருக்கமாகச் சொன்னார்: "தம்பி, சத்தம் வேணும்னா இதையே வெச்சுக்கங்க. வண்டி ஓடணும்னா கழட்டிக் குடுங்க."

கடையில் புதிதாகக் கிடைக்கும் சைலன்சர்களைக் கையில் தூக்கிப் பார்த்தேன். பல வெறும் தகரம், உள்ளே அந்த அகன்று குறுகும் கூம்பே இல்லை. கடைசியில் பழைய வண்டிப் பாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டையில் குரோம் மங்கிய பழைய அசல் ஒன்று கிடைத்தது. உள்ளே கரி அடைத்துக் கனத்தது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கலந்து உள்ளே ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்துக் கழுவினோம். கையுறை, கண்ணாடி இல்லாமல் இதைத் தொடாதீர்கள், அலுமினியப் பாகம் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டில் ஒட்டியிருந்த கரியை மரக்குச்சியால் சுரண்டினோம். சிலிண்டரில் ஒரு ஸ்டட்டின் மரை தேய்ந்திருந்ததால் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட்டு, புது பேக்கிங் வைத்து இறுக்கினோம். அந்த இடத்தில் ஒழுகினால் கருப்பு ஆயில் வழிவதோடு அலைக் கணக்கும் கெடும்.

வித்தியாசம் முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்தது. இரண்டாவது கியரில் பழைய சைலன்சரோடு நொண்டிக்கொண்டிருந்த வண்டி, இப்போது நடு ஆர்பிஎம்மிலிருந்தே திமிறிக்கொண்டு கிளம்புகிறது. போர், கிராங்க் வேலை முடிந்து அறுத்த சைலன்சரோடு சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை மாற்றினேன், அதனால் எந்த மாற்றம் எதனால் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

மேம்பாடு என்று நான் செய்தது குறைவு. கலவையை இன்ஜினுக்குள் மட்டும் விட்டுத் திரும்ப வராமல் தடுக்கும் ஸ்டீல் ரீட் இதழ்களுக்குப் பதில் ஃபைபர் ரீட் போட்டேன். த்ராட்டில் திருகியதும் கிடைக்கும் பதில் கொஞ்சம் கூர்மையானது, அவ்வளவுதான், அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டீல் உடைந்தால் துண்டு இன்ஜினுக்குள் போய்க் கீறும், ஃபைபரில் அந்தப் பயம் குறைவு. ஆயில் பம்பைத் திரும்பப் பொருத்தியது இதைவிடப் பெரிய லாபம். பங்க்கில் நின்று மூடியில் ஆயில் அளந்து ஊற்றும் தொல்லை போயிற்று, ஆர்பிஎம்முக்கும் த்ராட்டிலுக்கும் தக்கபடி ஆயில் போவதால் ஊருக்குள் புகையும் குறைந்தது. ஜாஸோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரம் எழுதிய ஆயில்தான் ஊற்றுகிறேன்.

ஆர்எக்ஸ் 135 வண்டியின் பெரிய போர் போடச் சொல்லி வராத ஆளில்லை. 50 மில்லிமீட்டர் இடத்தில் 58 மில்லிமீட்டர் போர், 132 சிசி. வேகம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆர்சி புத்தகத்தில் 98 சிசி என்றுதான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அந்த மாதிரி மாற்றத்துக்கு இடம் தருவதில்லை. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டியாக வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் கிரேங்க் கேஸில் ஒரு மரை போயிருந்தும் புதுப்பேட்டை கேஸை வாங்காமல் பழையதையே சரிசெய்தேன். இன்ஜின் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது. பிரேக்கும் 11 குதிரைத்திறனுக்குப் போட்ட 130 மில்லிமீட்டர் டிரம்தான், அதை மறந்துவிட்டு போரை மட்டும் பெரிதாக்குகிறார்கள்.

இந்த மூன்று வருஷத்தில் அதிகம் யோசிக்க வைத்தது எத்தனால் பெட்ரோல். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தபின் பழைய ரப்பர் குழாய் ஊதி இளகியது, டேங்க் அடியில் துரு கூடியது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) கலவை சற்று வறளும். காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக்குக்கு வறட்சிதான் எமன். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றி, நல்ல வேகத்தில் போய்க்கொண்டே கிளட்ச் பிடித்து இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெளுத்திருந்தது காபிப்பொடி நிறத்துக்கு வந்தது. வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுகிறேன்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பார்த்தாயிற்று. ஏறும்போது இரண்டாவது கியரில் தடங்கல் இல்லாமல் போகிறது, இரண்டு பேர் என்றால் சில வளைவுகளில் முதல் கியர் கேட்கும். கவனம் தேவை இறங்கும்போதுதான். த்ராட்டிலை முழுக்க மூடிக்கொண்டு கியரில் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுழலும், ஆனால் பெட்ரோலும் ஆயிலும் சொட்டு அளவில்தான் போகும். அடிக்கடி ஒரு சின்னத் திருகல் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள். இன்ஜின் பிரேக் கிடையாது என்று நினைத்து இடைவெளி விடுங்கள்.

மைலேஜ் ஊருக்குள் 35க்குப் பக்கம், நிதானமாக நெடுஞ்சாலையில் போனால் 40ஐத் தொடும். மொத்தச் செலவு முப்பதாயிரத்தைத் தாண்டியது, அதில் கிராங்க் வேலையும் சைலன்சரும்தான் பெரும்பகுதி. இதுவரை பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் போரில் குறை இல்லை. சைலன்சர் உள்குழலை மட்டும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிக் கரி எடுக்கிறேன்.

இப்போது கிக்கர் ஷாஃப்ட் ஓரத்தில் லேசாக ஆயில் கசிகிறது. சீல் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த முறை கியர் ஆயில் மாற்றும்போது அதையும் சேர்த்துப் போட்டுவிட வேண்டியதுதான்.