சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்பில் ‘ஒத்தெல்லோ’: 150 ரேண்டுக்குத் தகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சமூகக் கூடத்தில் நடக்கும் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) ஆங்கில டியூஷன் இது. பாடம் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், வகுப்புக்கு 150 ரேண்ட். நாடகத்தை ஒருமுறையாவது முழுக்கப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்குக் கொடுத்த காசு வீண்போகாது. கதைச் சுருக்கத்தை மட்டும் நம்பி வருகிற பிள்ளை பாதி நேரம் விழிக்கும். அதற்காக ஆசிரியர் நின்று காத்திருப்பதில்லை.

நாடகப் பகுதியைக் கொடுத்துக் கேட்கும் கான்டெக்ஸ்சுவல் வினாக்களுக்கான பயிற்சிதான் இங்கே முதல்தரம். ‘நீங்கள் இயக்குநரானால் இந்த வரிகளை நடிகரை எப்படிப் பேசவைப்பீர்கள்?’ என்ற 3 மதிப்பெண் கேள்விக்குப் பலரும் ‘கோபமாக’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். உடல்மொழி, தொனி, இரண்டுக்கும் நாடகத்திலிருந்து காரணம் என மூன்றும் வேண்டும். மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியில் மனைவி டெஸ்டிமோனா, பதவி பறிக்கப்பட்ட துணைத்தளபதி காசியோவுக்காகப் பரிந்து பேசப் பேச, அவள்மீது சந்தேகம் கொண்ட ஒத்தெல்லோ தான் பரிசளித்த ‘கைக்குட்டை!’ எங்கே என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறான். அந்த இடத்தை நடிக்கவைத்த பிறகுதான் விடை எழுதச் சொல்கிறார்கள்.

கைக்குட்டையின் பயணத்தை ஒரே தாளில் வரைந்து தருகிறார்கள். டெஸ்டிமோனா தவறவிட்டதை அவளுடைய பணிப்பெண் எமிலியா எடுத்து, ஒத்தெல்லோவுக்கு எதிராகச் சதி செய்யும் தன் கணவன் இயாகோவிடம் தருகிறாள். அவன் காசியோவின் அறையில் போடுகிறான். காசியோ அந்தப் பின்னல் வேலையைப் படியெடுக்கச் சொல்லி தன் காதலி பியாங்காவிடம் நீட்டுகிறான். ஓர் எகிப்தியப் பெண் தன் தாய்க்குக் கொடுத்தது என்று மூன்றாம் அங்கத்தில் சொல்லும் ஒத்தெல்லோ, கடைசி அங்கத்தில் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறான். இந்த முரணையும் விடாமல் காட்டியிருப்பதற்கே தனிப் பாராட்டு.

கறுப்பின நடிகர் ஜான் கனி ஒத்தெல்லோவாக நடித்து ஜேனட் சுஸ்மன் இயக்கிய 1987 ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டர் நாடகத்தின் பதிவிலிருந்தும் சில காட்சிகள் போடுகிறார்கள். இந்நாட்டில் வெள்ளையர் பிற இனத்தவரை மணக்க இருந்த தடை 1985இல்தான் நீங்கியது என்பதைச் சொல்லிவிட்டுப் போட்டால், மகள் கறுப்பின ஒத்தெல்லோவை மணந்ததற்காக டெஸ்டிமோனாவின் தந்தை பிரபான்ஷியோ போடும் கூச்சல் பிள்ளைகளுக்கு உடனே உறைக்கும். இங்கே அதைச் சொல்வதில்லை. படம் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, அடுத்த பாடம்.

இயாகோவைச் சகுனி என்று விளக்குவதும் சரியில்லை. தீமிதித் திருவிழாவில் திரௌபதி கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபடும், உண்மைதான். ஆனால் இயாகோ முதலில் பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரம் என்கிறான், பிறகு எமிலியாவோடு ஒத்தெல்லோவைச் சந்தேகிக்கிறேன் என்கிறான், அடுத்து காசியோவையும் சேர்த்துக்கொள்கிறான். கடைசியில் எதையும் கேட்காதீர்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். காரணம் நிலையாக நிற்காததைத்தான் கட்டுரையில் அலச வேண்டும். சகுனி என்ற ஒற்றைச் சொல் அந்த வேலையைச் செய்யவிடாது.

பெரிய குறை கட்டுரைப் பயிற்சிதான். ஹோம் லாங்குவேஜ் (தாய்மொழி நிலை ஆங்கிலம்) இரண்டாம் தாளான இலக்கியத் தாளில் நாவலுக்கு 25 மதிப்பெண், நாடகத்துக்கு 25. ஒன்றில் கட்டுரை எழுதினால் மற்றதில் கான்டெக்ஸ்சுவல் எழுதியாக வேண்டும். இவர்கள் நாடகத்துக்கு கான்டெக்ஸ்சுவல் மட்டுமே பழக்குவதால், பிள்ளை நாவலில் கட்டுரை எழுதும் கட்டாயத்துக்குப் போய்விடுகிறது. நாவல் தலைப்பு கடினமாக வந்தால் மாறிக்கொள்ள வழியில்லை. கட்டுரை 400 முதல் 450 சொற்கள். உள்ளடக்கத்துக்கு 15, அமைப்புக்கும் மொழிக்கும் 10. கதையை வரிசையாகச் சொல்லிப் போவதே இதில் வழக்கமான சறுக்கல். மாதம் ஒரு கட்டுரையாவது திருத்தித் தர முடியுமா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

கையேட்டின் வரி எண்கள் பள்ளியில் தந்த பதிப்போடு ஒத்துப்போவதில்லை. டெஸ்டிமோனாவை விரும்பும் ரோடரிகோவிடம் இயாகோ ‘பையில் பணம் போடு’ என்று சொல்லும் பகுதி உரைநடை. பக்க அகலத்துக்கேற்ப வரிகள் மடங்கும், எண்ணும் மாறும். அங்கம், காட்சி, முதல் சில சொற்கள் மூன்றையும் ஓரத்தில் குறித்துவைத்தால் தேடுவது எளிது. சேருவதென்றால் முதல் பருவத்திலேயே சேருங்கள். மூன்றாம் பருவத்தில் பழைய வினாத்தாள்கள் மட்டும்தான் ஓடுகின்றன, நாடகத்தைத் திரும்ப எடுப்பதில்லை.