நாய்க்கு வால்வு நோயா? பியூரினா கார்டியோகேர் கொடுத்துப் பார்த்ததில்

எங்கள் ஜிம்மி டாஷண்ட், பத்து வயதைத் தாண்டியவன். இதயத்தின் இடது பக்க வால்வு லேசாக ஒழுகுகிறது, ஆனால் இருமல், இளைப்பு எதுவும் இல்லை. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்த தீனிதான் பியூரினா ப்ரோ பிளான் கார்டியோகேர். விலை, சாதாரண டிரை ஃபுட் வாங்கிப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

உப்பைக் குறைத்து 'இதயத்துக்கு நல்லது' என்று விற்கும் தீனி ஏற்கெனவே உண்டு. இவர்கள் இரத்தத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. நல்ல இதயம் தனக்கு வேண்டிய சக்தியில் 60-70 சதவீதத்தைக் கொழுப்பை எரித்துத்தான் எடுத்துக்கொள்கிறது. வால்வு நோய் வந்த நாய்களில் அது சரியாக நடக்காததால், முழுசாக எரியாத கொழுப்பு அசைல்கார்னிடின் என்ற வடிவில் இரத்தத்தில் கூடுதலாகத் தெரிகிறது. நீளமான கொழுப்பு அமிலம், செல்லில் அதை எரிக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையக் கார்னிடின் என்ற பொருளின் துணை வேண்டும், எம்சிடி என்கிற நடுத்தரக் கொழுப்புக்குப் பெரும்பாலும் வேண்டாம். அதனால் எம்சிடியைச் சேர்த்து, கூடவே மீன் எண்ணெய், டாரின் என்ற அமினோ அமிலம், மெக்னீசியம், வைட்டமின் ஈ எல்லாம் போட்டிருக்கிறார்கள்.

2019-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் இந்தக் கலவை சாப்பிட்ட, வால்வு நோயுள்ள நாய்களின் இதயத்தில் இடது மேலறை சராசரியாக 3 சதவீதம் சுருங்க, சாப்பிடாதவற்றுக்கு 10 சதவீதம் விரிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மொத்தமே 36 நாய்கள், அதில் நோயுள்ளவை 19தான், ஆய்வு செய்ததும் கம்பெனி ஆட்களே. ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

ஜிம்மி முதலில் மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் பழைய தீனியோடு கலந்து மெல்ல மெல்ல மாற்றியதும் தட்டை நக்கிவிட்டுத்தான் நகர்கிறான். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவேன், 30-க்குக் கீழேதான் நிற்கிறது. அது தீனியால் என்று சொல்ல மாட்டேன், முன்பும் அப்படித்தான் இருந்தது.

எம்சிடி என்றதும் 'தயிர்சாதத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் போதாதா' என்று அத்தை கேட்டார். போதாது அத்தை, தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம், அது இந்த வேலைக்கு அவ்வளவு தோதில்லை, கொழுப்பு மிஞ்சினால் நாய்க்குக் கணையம் வேறு வீங்கும்.

ஆரம்பக் கட்டம் என்றால் வாங்கலாம். இதயம் வீங்கி டாக்டர் பிமோபென்டான் என்ற இதய மருந்தை எழுதிவிட்டால் மாத்திரைதான் முக்கியம், தீனியை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.