ஸ்டீயரிங் ஆயில் மாற்றியாச்சு என்றால் ஓஸ் கிளிப்பைப் பாருங்கள்

பவர் ஸ்டீயரிங் ஆயிலை முழுசாக ஃப்ளஷ் செய்து, அதாவது பழசை மொத்தமாக வெளியே தள்ளி மாற்றிவிட்டோம் என்று சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் வரியோடு 2,950 ரூபாய் வாங்கினார்கள். மாற்றவில்லை. மேலே ஆயில் டப்பாவில் கண்ணுக்குத் தெரிந்த ஆயிலை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதில் புதுசை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் ரேக் (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பிவிடும் பாகம்) போய்விட்டது, 34,000 ஆகும் என்றார்கள். பழைய இன்னோவா, பொலிரோ மாதிரி ஆயில் ஸ்டீயரிங் வண்டி நம் பக்கம் வீட்டுக்கு வீடு நிற்கிறது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 2011 இன்னோவா. ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் தடவை எடுத்து வாசலில் வளைக்கும்போது முனகல் கேட்டது. மூடியைத் திறந்தால் ஆயில் கறுத்துக் கிடந்தது. சரி, மாற்றிவிடலாம் என்று ஈரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். "உள்ள வரக்கூடாதுங்கண்ணா, உட்காருங்க" என்று ஏசி அறையில் காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் வண்டி வெளியே வந்தது. டப்பாவைத் திறந்து காட்டினார்கள். செக்கச்செவேல் என்று இருந்தது. பில்லில் ஃப்ளஷ் கூலி 1,200, ஆயில் 2 லிட்டர் 1,300, மேலே வரி. நம்பிக் கட்டினேன்.

பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிவப்பு காணோம், கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. டப்பாவில் நிற்பது மொத்த ஆயிலில் ஒரு பங்குதான். மீதி பம்ப், ஓஸ், ரேக் என்று உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே மட்டும் மாற்றினால் இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பழசும் புதுசும் ஒன்றாகிவிடும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆயில் சீக்கிரம் கறுக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தாளவாடியில் ஒரம்பரை வீட்டுக்குப் போகத் திம்பம் ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவு. பாதி மலையில் முனகல் பெரிதாகிவிட்டது. மெதுவாகத் திருப்பும் இடங்களில் ஸ்டீயரிங் திடீரென்று இறுகி, அப்புறம் விட்டது. ஒரு வளைவில் மேலிருந்து லாரி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் இழுத்து ஒடித்தேன். பின்னால் அம்மாவும் குழந்தைகளும். அந்த வெசனம் இன்னும் போகவில்லை. பணம் போனதை மறந்துவிடுவேன், இதை மறக்க முடியாது.

திரும்பி வந்து அதே இடத்துக்குப் போனேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "ரேக் போயிருச்சுங்கண்ணா, அசெம்பிளியே மாத்தணும்" என்றார் அட்வைசர். ரேக்கில் ஆயில் கசிகிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா மகன் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். பானட்டைத் திறந்தவன் ஒரு நிமிஷத்தில் கூப்பிட்டான். "மாமா, இந்தக் கிளிப்பைப் பாருங்க." ரேக்கிலிருந்து ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஓஸைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளிப். அதன்மேல் ஆயிலும் புழுதியும் சேர்ந்து வறட்டி மாதிரி அடையாகக் காய்ந்திருந்தது. அடையில் ஒரு கீறல் இல்லை, பிளையர் பட்ட தடம் இல்லை. ஃப்ளஷ் செய்ய அந்த ஓஸைக் கழற்றித்தான் பழைய ஆயிலை வெளியே விடுவார்கள். இது வருஷக்கணக்காகக் கழற்றாத கிளிப். தொடுவதற்கு முன்னால் படம் எடுத்து வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்தோம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி காலி தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் ஓஸ் மாட்டும் மூக்கை அடைத்தோம். சாவி ஆனில், இஞ்சின் ஆஃப். நான் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகத் திருப்பத் திருப்ப, அவன் டப்பா வற்றாமல் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தான். மேனுவலில் போட்டிருந்தபடி டெக்ஸ்ரான் 3 ஏடிஎஃப் என்ற ஆயில். பாட்டிலில் முதலில் விழுந்தது கறுப்பு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப்பொடி மாதிரி மினுமினுப்பு, அத்தனையும் உலோகத் தேய்மானம். கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் ஊற்றிய பிறகுதான் சுத்தச் சிவப்பாக வந்தது. டப்பாவின் அடியில் இருந்த வலையும் பாதி அடைத்திருந்தது. பம்புக்கு ஆயில் சரியாகப் போகாமல் முனகியது அதனால்தான் என்று நினைக்கிறோம்.

ஓஸை மாட்டி நிரப்பி, இஞ்சின் ஆஃபிலேயே இருபது தடவை திருப்பி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினோம். அப்புறம் ஸ்டார்ட் செய்து டப்பாவைப் பார்த்தோம்; பால் மாதிரி நுரை வந்தால் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். கடைசிவரை ஒடித்துப் பத்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், பம்ப் சூடாகிவிடும். முனகல் நின்றுவிட்டது. ரேக் அதே பழைய ரேக்தான்.

படத்தையும் பில்லையும் கொண்டுபோய்க் காட்டினேன். கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். ஆயில் பணம் வரவில்லை. அந்த டப்பாவுக்குள் இரண்டு லிட்டர் எப்படிப் போனது என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ரிட்டர்ன் ஓஸ் கிளிப்பிலிருந்து ஓஸ் வரை நெயில் பாலீஷில் ஒரு கோடு போடுங்கள், போனில் படம் எடுங்கள். திரும்பி வரும்போது கோடு அப்படியே இருந்தால் கிளிப்பைக் கழற்றவில்லை என்று தெரிந்துவிடும். வடித்த பழைய ஆயிலைப் பாட்டிலோடு காட்டச் சொல்லுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை உப்ப வைத்துக் கெடுத்துவிடும், அப்போது ரேக் நிஜமாகவே போகும். ஸ்விஃப்ட் மாதிரி எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டிகளில் இந்த ஆயிலே கிடையாது. அதற்கும் பில் போட்டால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாமல் பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.