கிளட்சா, பிரேக்கா? மலைப்பாதை போய் வந்த காரில் வரும் கருகல் வாடை

பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இவற்றில் ஒன்றில் ஏறி இறங்கிய காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் கருகல் வாடை மூக்கில் ஏறினால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான்: கிளட்ச் அல்லது பிரேக். இரண்டிலும் உராயும் பகுதி பிசின் சேர்த்துச் செய்யப்பட்டது. சூடு மிஞ்சினால் அந்தப் பிசின்தான் கருகுகிறது. அதனால் வாடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மூக்கை மட்டும் நம்பிப் பட்டறைக்குப் போனால், பிரேக்கில் உள்ள கோளாறுக்கு, கிளட்சைப் பார்ப்பதற்காகக் கியர்பாக்ஸை இறக்க நேரிடலாம். சுழலும் டிஸ்க்கில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னைத் துடைத்து கிரீஸ் வைக்கும் வேலை எங்கே, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் வேலை எங்கே!

வாடை எப்போது வந்தது என்று முதலில் யோசித்துப் பாருங்கள். திம்பத்தில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, வளைவுக்கு வளைவு கிளட்சில் பாதிக் கால் வைத்து வண்டியை நிறுத்திப் பிடித்தவர்கள் கிளட்சைச் சந்தேகிக்கலாம். வால்பாறையிலிருந்து நான்காவது கியரிலேயே பிரேக்கை அழுத்தியபடி இறங்கியவர்கள் பிரேக்கைச் சந்தேகிக்கலாம். மலையே ஏறாமல், கோவையிலிருந்து அவிநாசி வரை சமதரையில் போய் வந்ததற்கே வாடை வருகிறதென்றால், அதைத்தான் நான் மிகவும் அஞ்சுவேன். எங்கோ ஒரு பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது சூடு. பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ரிம்மைத் தொட வேண்டாம். மலை இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் கொதித்தால் பழுது வண்டியில் இல்லை, இறங்கிய விதத்தில் இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் பிடித்திருக்கிறது. எந்தச் சக்கரமும் சூடாக இல்லாமல் வாடை எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து வந்தால் கிளட்ச். அதை உறுதிசெய்ய, காலியான சாலையில் நான்காவது கியரில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வழுக்கவில்லை, வாடை வந்ததும் ஒரே ஒருமுறைதான் என்றால் ஆறவிட்டு ஓட்டலாம்.

இரண்டில் எது என்று பிடிபடாவிட்டால் பிரேக்கையே முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். கிளட்ச் போனால் வண்டி வழியில் நின்றுவிடும். பிரேக் போனால் நிற்காது. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், பிடிமானம் இருக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பாலும் இந்த நிலையே வராது. கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும்.

பிடித்திருக்கும் சக்கரத்தில் என்ன பழுது என்பதற்குப் பட்டறையில் ஒரு சோதனை உண்டு. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டபின் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றவில்லையென்றால் காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் திருகான நிப்பிளைச் சற்றே திறப்பார்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால், ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். அப்போதும் விடுபடாவிட்டால் பின்னோ, பேடைத் தள்ளும் பிஸ்டனோ இறுகிவிட்டது. உள்பக்க பேட் இரும்புவரை தேய்ந்து, வெளிப்பக்க பேட் கனமாகவே இருப்பதும் இதையே காட்டும்.

புதுக் காலிப்பரா, பிஸ்டனுக்கான ரப்பர் சீல்கள் அடங்கிய சீல் கிட் போதுமா? பிஸ்டனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் விடை தெரிந்துவிடும். வழவழப்பாக இருந்தால் சீல் மாற்றி, பின்களுக்கு பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ் வைத்தால் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். துருக்குழி விழுந்திருந்தால் சீல் கிட்டுக்குச் செலவழிப்பது வீண், காலிப்பரையே மாற்றுங்கள். பேட் மட்டும் எப்போதும் இடது, வலது இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கிளட்சில் இந்தத் தயக்கமே எனக்கு இல்லை. கேபிள் வைத்த வண்டியானால் முதலில் பெடலின் தளர்வைச் சரிசெய்து பாருங்கள். அதற்கும் மசியாமல் கியர்பாக்ஸை இறக்கும் நிலை வந்தால், கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றிச் சிக்கனம் பார்க்காமல், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். பிளேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீலையும் மாற்றாமல் மூடவிடாதீர்கள்.

கொள்ளுச் செடியையோ சோளத்தட்டையோ சாலையில் பரப்பியிருக்கும் பருவத்தில் அவற்றின்மேல் ஓட்டி வந்திருந்தால், எல்லாவற்றுக்கும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சைலன்சரில் சுற்றிய செடியும் தட்டையும் தீப்பற்றக்கூடியவை. வாடை பிளாஸ்டிக் எரிவதுபோல இருந்தால் அது கிளட்சும் இல்லை, பிரேக்கும் இல்லை, ஒயர். உடனே எஞ்சினை அணைத்து எல்லோரும் இறங்கிவிடுங்கள். புகை இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.