சாமானுக்கு நாலு ஸ்டார், ரோட்டுக்கு ஒண்ணு கூட இல்ல: எங்க தெரு மூணு மாடி சூப்பர் மார்க்கெட்

மொத்தமா ரெண்டு ஸ்டார் குடுத்திருக்கேன். கடை பேரையும் ஏரியா பேரையும் வேணும்னே போடல, வக்கீல் நோட்டீஸ் வரும்னு எங்க அசோசியேஷன் செகரட்டரி சார் ஏற்கனவே தூக்கமில்லாம இருக்காரு. தென் சென்னைல பத்திரத்துல முப்பது அடின்னு இருந்து, டிரான்ஸ்ஃபார்மர், மழைநீர் வடிகால் மேடு, மாடு எல்லாம் போக இருபது அடி தேறுற ரோட்டுல மூணு மாடி சூப்பர் மார்க்கெட்டுன்னா, அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு எதுன்னு புரிஞ்சிடும்.

முதல்ல சாமான் பத்தி சொல்லிடறேன், அதுல குறை சொல்ல பெருசா இல்ல. துவரம்பருப்பு கிலோவுக்கு அண்ணாச்சி கடைய விட பத்து பன்னெண்டு ரூபா கம்மி. அவங்க சொந்த பாக்கெட்டுல வர்ற உளுந்து நல்லா மாவு காணுது, இட்லி அரிசி சுமார். காய்கறி காலைல போனா ஃப்ரெஷ், சாயங்காலம் போனா மத்தவங்க பொறுக்கிப் போட்ட மிச்சம். வெண்டைக்காய ஒடிச்சு பாக்காதீங்கன்னு போர்டு தொங்குது, அந்த போர்டுக்கு கீழயே எல்லாரும் ஒடிச்சு தான் பாக்கறாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ரெண்டாவது மாடில எவர்சில்வர் சாமான் பரவால்ல, மூணாவது மாடி துணிக்கு மெனக்கெட்டு ஏற வேணாம். ஷெல்ஃப்ல ஒட்டியிருக்கற விலையும் பில்லுல வர்ற விலையும் எப்பவும் ஒண்ணா இருக்காது, அதனால கவுண்டர்லயே நின்னு பாத்துக்கங்க, சொன்னா உடனே குறைச்சு குடுத்துடறாங்க, அதுல தகராறு பண்றதில்ல. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ சமாச்சாரத்துல எக்ஸ்பைரி தேதிய திருப்பிப் பாருங்க.

பில்லிங்ல ஆறு கவுண்டர் இருக்கு, ஓடறது ரெண்டு. அங்க நிக்கற பொண்ணுங்களுக்கு பின்னாடி ஸ்டூல் போட்டிருக்காங்க, ஆனா அந்த ஸ்டூல் மேல கேரி பேக் கட்டு அடுக்கி வெச்சிருக்கு. கடைகள்ல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு 2021ல சட்டத்துலயே திருத்தம் கொண்டு வந்தாங்க நம்ம ஸ்டேட்ல, அதுக்கு தான் அந்த ஸ்டூல் போல இருக்கு.

இப்ப வெளிய வருவோம். பிரச்சனை ஆரம்பிக்கறதே பார்க்கிங்ல தான். கட்டடம் எழும்பும்போதே எதிர்த்தோம், பெட்டிஷன் குடுத்தோம், பிளான்ல எல்லாம் சரியா இருக்குன்னு பதில் வந்துச்சு. அப்பறம் எங்க பிளாக்ல ரிட்டையர் ஆன ஒரு மாமா 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டு அந்த பிளான் காப்பிய வாங்கினாரு. பாத்தா நிஜமாவே சரியா தான் இருக்கு, கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்தற இடம்னு கட்டம் கட்டமா அழகா வரைஞ்சிருக்கு. அந்த காப்பிய கைல வெச்சுக்கிட்டு நாங்க நாலு பேரு நேர்ல போய் எட்டிப் பாத்தோம், கார் இருக்க வேண்டிய கட்டத்துல பாமாயில் அட்டைப்பெட்டி கூரை வரைக்கும், அதுக்கு அடுத்த கட்டத்துல வெங்காய மூட்டை, ஓரமா உடைஞ்ச டிராலிங்க. ரேம்ப் வாசல்ல ஒரு செயின் கட்டி "ஸ்டாஃப் ஒன்லி"ன்னு எழுதியிருக்கு. அப்போ கார்ல வர்றவங்க எங்க நிறுத்துவாங்க, எங்க வீட்டு கேட்டுக்கு முன்னாடி தான். கேட்டா "அஞ்சே நிமிஷம் சார்"னு சொல்லிட்டு போறாங்க, சண்டே சாயங்காலம் அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆகுது, உள்ள ரெண்டு கவுண்டர் தானே ஓடுது.

லாரி இன்னொரு கதை. சரக்கு விடியற்காலைல தான் வருது, ரோடு காலியா இருக்கும்னு. பெரிய வண்டி, ரோட்டுல திரும்ப முடியாம தெரு முனைலேந்து ரிவர்ஸ்லயே வருது, அந்த பீப் பீப் சத்தம், கிளீனர் பையன் "வா வா வா"ன்னு கத்தறது, அப்பறம் பால் கிரேட்ட தூக்கி அடிக்கறது, இதெல்லாம் அஞ்சு மணிக்கு முன்னாடி. சட்டப்படி குடியிருப்பு பகுதில ராத்திரி பத்துலேந்து காலைல ஆறு வரைக்கும் 45 டெசிபல் தான் லிமிட், 2000ல வந்த ரூல்ஸ். ஒரு கிரேட் தரைல விழுந்தாலே அது தாண்டிடும். பத்து பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்கற கடைங்க 24 மணி நேரமும் திறந்து வெச்சுக்கலாம்னு 2019ல அரசாணை போட்டு 2022ல நீட்டிச்சாங்க, அத காட்டி மேனேஜர் "எங்களுக்கு பர்மிஷன் இருக்கு"ங்கறாரு. கடை திறக்க பர்மிஷன் இருக்கு சார், எங்கள எழுப்பறதுக்குமா இருக்கு?

பவர் கட் ஆனா ஜெனரேட்டர், அது பக்கத்து வீட்டு சமையலறை ஜன்னலுக்கு நேரா வெச்சிருக்காங்க. அந்த வீட்டம்மா அந்த ஜன்னல திறக்கறதையே விட்டுட்டாங்க.

எங்க ஆளுங்களையும் சொல்லணும். மொத மீட்டிங்ல நான் பார்க்கிங், லாரி, ஃபயர் எஞ்சின் திரும்ப இடம் இருக்கான்னு பேசலாம்னு போனா, ரெண்டு பேரு "வெளியாளுங்க எல்லாம் வருவாங்க, ஏரியா தரம் போயிடும்"னு ஆரம்பிச்சிட்டாங்க. அந்த பேச்சு எனக்கு சுத்தமா பிடிக்கல, ரோடு எல்லாருக்கும் பொது தானே. அப்பறம் ஒருத்தர் அண்ணாச்சி கடைய காப்பாத்தணும்னு உருக்கமா பேசினாரு, அவரு வீட்டுக்கு மாச சாமான் எங்கேந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். 2012ல சில்லறை வியாபாரத்துல 51 சதவீதம் அந்நிய முதலீடு வரலாம்னு சென்ட்ரல் கவர்ன்மென்ட் சொன்னப்ப வணிகர் சங்கங்க எதிர்த்தாங்க, ஜெயலலிதாவும் இங்க விடமாட்டோம்னாங்க, அது வியாபாரிங்க பொழப்பு சம்பந்தப்பட்டது, நியாயம் தான். எங்க சண்டை அது இல்ல. மே 5 வணிகர் தினத்துக்கு அண்ணாச்சி கடைங்க எல்லாம் மூடினா அன்னிக்கு இந்த கடைல க்யூ ரோடு வரைக்கும் நிக்குது, அதுல பாதி எங்க அசோசியேஷன் மெம்பருங்க தான், நானும் நின்னிருக்கேன்.

கடைக்காரங்க அதவிட கில்லாடி. ரெண்டாவது பெட்டிஷன் போன கையோட எங்க தெருவுக்கு மட்டும் ஸ்பெஷல் டிஸ்கவுன்ட் கார்டு வந்துச்சு, அஞ்சு பர்சன்ட். வீடு வீடா கொண்டு வந்து குடுத்தாங்க. அடுத்த மீட்டிங்குக்கு வந்த கூட்டம் பாதியாயிடுச்சு.

என் கசின் கலிஃபோர்னியால இருக்கான், இதெல்லாம் சொன்னப்ப அங்க இங்கிள்வுட்னு ஒரு ஊரு கதை சொன்னான். வால்மார்ட் அங்க சுமார் 60 ஏக்கர்ல கடை கட்ட வந்துச்சாம், டிராஃபிக் ஸ்டடி, பொது விசாரணை எதுவும் இல்லாம கட்ட விடுங்கன்னு கையெழுத்து வாங்கி ஓட்டெடுப்புக்கே விட்டுட்டாங்க, பத்து லட்சம் டாலருக்கு மேல செலவும் பண்ணாங்க. 2004 ஏப்ரல்ல ஓட்டு போட்டப்ப 60 சதவீதம் பேரு முடியாதுன்னுட்டாங்க. இங்க நம்மகிட்ட யாரு கேட்டா, பச்சை நெட் கட்டி அஸ்திவாரத்துக்கு பைல் அடிக்க ஆரம்பிச்ச அப்பறம் தான் வரப்போறது கடைன்னே தெரிஞ்சுது.

பயமுறுத்தறதுக்காக சொல்லல, 2017 மே 31 தி.நகர்ல சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடை கட்டடம் தீப்பிடிச்சத பாத்தவங்க மறந்திருக்க மாட்டாங்க, ஒரு நாளுக்கு மேல எரிஞ்சு, இடிஞ்சு, கடைசில மொத்தமா இடிக்க வேண்டியதாச்சு, அது நல்ல பெரிய ரோடு. எங்க ரோட்டுல சண்டே சாயங்காலம் குப்பை வண்டியே நுழைய முடியல, கீழ்த்தளத்துல அடுக்கியிருக்கறதோ பாமாயில்.

கடைய மூடுங்கன்னு நான் சொல்லல, பலபேரு மீட்டிங்ல சொல்றாங்க, என்னால ஒத்துக்க முடியாது, அங்க வேலை பாக்கற பொண்ணுங்கள்ல ரெண்டு பேரு எங்க பின் தெரு. கீழ்த்தளத்த காலி பண்ணி கார உள்ள விடுங்க, சின்ன வண்டில சரக்கு கொண்டாந்து ஏழு மணிக்கு மேல இறக்குங்க, ஜெனரேட்டர மாடிக்கு ஏத்துங்க, அவ்ளோ தான். மேனேஜர் கிட்ட நேர்லயே சொன்னேன், "ஹெட் ஆபீஸ்ல கேக்கறேன் மேடம்"னாரு, இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு போல.

போறவங்க கவனிக்க: காலைல எட்டுலேந்து பத்துக்குள்ள போங்க, காயும் நல்லா இருக்கும் கூட்டமும் இருக்காது. பைய வீட்லேந்து எடுத்துட்டு போங்க, கேரி பேக்குக்கு தனியா காசு. பக்கத்துல தான் வீடுன்னா நடந்து போங்க, கார்ல தான் போகணும்னா அந்த செயின கழட்டச் சொல்லி கேளுங்க, பிளான்ல அது உங்க பார்க்கிங் தான். நாலு பேரு கேட்டா கழட்டுவாங்களோ என்னமோ.