அலங்கார யோசனைக்கு இதழா, நேரில் பார்க்கும் சின்ன இடங்களா?

வீட்டை மாற்றியமைக்க யோசனை தேடுபவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்: அலங்கார இதழ்களைப் புரட்டுவதா, அழகாக அமைந்த சின்னக் கஃபே, விடுதி அறை என்று நேரில் பார்ப்பதா?

செலவு: இதழ் நூலகத்திலேயே கிடைக்கும், பழைய பிரதியே போதும்.
நேரில் என்றால் ஒரு காபிச் செலவு.

நிறம்: இதழில் படப்பிடிப்பு விளக்கும் அச்சு மையும் நிறத்தை மாற்றிவிடும்.
நேரில் பார்ப்பது உண்மை நிறம். ஆனால் உங்கள் வீட்டு வெளிச்சம் வேறு.

அளவு: அகலக் கோண லென்ஸ் அறையைப் பெரிதாகக் காட்டும். ஒயர், குப்பைத்தொட்டி எல்லாம் படத்துக்காக ஒதுங்கியிருக்கும்.
மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இடிக்காமல் நடக்க முடியுமா என்பது நேரில்தான் புரியும். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1952-இல் பிரான்ஸில் தனக்காக அமைத்த மரக்குடில் நீளம் 3.66 மீட்டர், அகலமும் 3.66 மீட்டர்தான். படுக்கை, மேசை, கழிப்பறை எல்லாம் அதற்குள்! சமையலறை மட்டும் கிடையாது. சாப்பாடு பக்கத்து உணவகத்தில். அழகான சின்ன இடம் எதைப் பார்த்தாலும் அங்கே எது இல்லை என்றும் பாருங்கள்.

நினைவு: இதழை வெட்டி வைக்கலாம்.
நேரில் பார்த்தது மறக்கும். அளவு நாடா கையில் இருக்கட்டும்.

என்ன பாணி பிடிக்கும் என்றே தெரியாதவர்களுக்கு இதழ். பாணி முடிவாகி, அறை சின்னது, சோபா எங்கே போடுவது என்பதுதான் கவலையென்றால், சரி, கிளம்பிப் போய்ப் பாருங்கள். வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் இதுவே என் ஓட்டு.